நினிவே எரிந்த மத்தியானம்

"மனிதகுல வரலாற்றில் முதன்முறையாக, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் போரில் எரிந்து சாம்பலான ஒரு மாநகரம், இன்று உங்கள் முன் வாய் திறந்து பேசப்போகிறது."

இதைச் சொல்லி முடித்த கையோடு அம்பலவாணனின் வயிறு நீளமாக உறுமியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினீயர் கோமதிநாயகம் ஹெட்போனைக் கழற்றினார். "சார், மாநகரத்துக்கு முன்னாடி உங்க குடல் பேசிடுச்சு. இன்னொரு டேக் போலாமா?"

"காலையில ரெண்டே ரெண்டு இட்லிப்பா."

"அதுல ஒண்ணு இப்ப டிராக்ல விழுந்திருக்கு."

சாலிகிராமத்தில் பாதி வீடுகள் டப்பிங் தியேட்டர்கள். அதில் இது மிகச் சிறியது. ஏ.சி. ஓடினால் மைக் அதையும் பிடிக்கும் என்பதால், பேசும்போது நிறுத்திவிடுவார்கள். ஆகவே உலகத்தின் பேரரசுகள் எல்லாம் இங்கே பனியனோடு உட்கார்ந்த ஒரு மனிதரின் வாயால்தான் வீழ்ந்திருக்கின்றன.

அம்பலவாணனின் முகம் யாருக்கும் தெரியாது. தொண்டை தெரியாதவர் இல்லை. யுகாந்தரம் சேனலில் எரிந்த நகரங்கள், மூழ்கிய கண்டங்கள், திறக்கக் கூடாத கல்லறைகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் குரல். அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு வரும். அது வந்தால் ஒரு நாகரிகம் அழியப்போகிறது என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவருடைய உண்மையான சரக்கு குரல்கூட அல்ல, கேள்விக்குறி. "அப்படியானால், அவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டுவிட்டு விளம்பரத்துக்கு விட்டுவிடுவார். விளம்பரம் முடிந்து வந்ததும் வேறொன்றைக் கேட்பார். அந்தக் கேள்விக்குறியில்தான் ஒரு சேனலே குடித்தனம் நடத்தியது.

மண்செவி வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

மண்செவி என்பது ஜனங்கள் வைத்த பெயர். சுட்ட மண் சூடு ஆறி இறுகும் நேரத்தில், சுற்றி எழும் சத்தத்தின் அதிர்வு அதன் துகள்களுக்குள் தங்கிவிடுகிறது. தங்கியதைத் திரும்ப எடுக்க ஒரு கருவி கண்டுபிடித்துவிட்டார்கள். உடனே உலகமெங்கும் பானைகளும் செங்கற்களும் பேச ஆரம்பித்தன. பேசியதுதான் பிரச்சினை. யுகாந்தரம் ஆறு பாகமாக ஒளிபரப்பிய 'சாப மண்டபம்' நெல் போட்டுவைக்கும் இடம் என்று தெரிந்தது. அம்பலவாணன் உடம்பு சிலிர்க்கச் சிலிர்க்க விவரித்த 'மந்திர உச்சாடனம்', ஒரு குயவர் பானைகளை எண்ணி, நடுவில் மறந்து, திட்டிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து எண்ணியது. முன்னோர்கள் பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றியும், காணாமல்போன ஆட்டைப் பற்றியும், மாப்பிள்ளைகளைப் பற்றியும்தான் பேசியிருந்தார்கள். கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கூடவே தொடர்களும் நின்றன. யூனிட்டில் பாதிப் பேர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள்.

ஆகவே கோட்டைப்பொட்டல் செங்கல் கிடைத்தபோது, சேனலின் தலைமை இயக்குநர் கிருபாநிதி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. சாத்தூர்ப் பக்கம் வைப்பாற்றங்கரையில் ஒரு மேடு. சேனலின் சொந்த ஆய்வு அறக்கட்டளையே தோண்டியது. பழைய செங்கல் சுவர், அதன்மேல் கரிந்துபோன ஒரு படலம். அதிலிருந்து எடுத்த செங்கல்லில் ஒரு குரல் இருந்தது. உச்சரிப்பு எல்லாம் தேய்ந்து, ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சிய கம்பீரமான ஒரு குரல். சேனலின் ஆஸ்தானப் பேராசிரியர் கொற்றவேல் அதைக் கேட்டுவிட்டு, "நான்கு முறை அழைக்கிறான், கவனியுங்கள். தேர், யானை, குதிரை, காலாள். நாற்படையையும் விளிக்கிறான். பிறகு நீளமாக ஒன்று. அது அரசனின் இறுதி ஆணை" என்று அறிவித்தார். அந்த இறுதி ஆணை என்ன? யாருக்கும் தெரியவில்லை. யுகாந்தரத்துக்கு ஒரு கேள்விக்குறி திரும்பக் கிடைத்துவிட்டது.

"சார், அந்த ஒரிஜினல் குரலை ஒருதடவை கேட்டுக்குங்க. அதே சுருதியில ஆரம்பிச்சீங்கன்னா எடுப்பா இருக்கும்" என்றார் கோமதிநாயகம். பொத்தானைத் தட்டினார்.

அடியிலிருந்து கிளம்பி மேலே ஏறி, உச்சியில் லேசாக உடைந்து, பிறகு சாவகாசமாகக் கீழே இறங்கும் ஒரு கூப்பாடு. சிறு இடைவெளி. மறுபடி அதே கூப்பாடு.

அம்பலவாணன் கையிலிருந்த ஸ்கிரிப்ட் தாள்களைக் கீழே வைத்தார். அவர் வாழ்க்கையில் இந்தக் குரலை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். அவுட்டோர் போகிற இடமெல்லாம் உச்சி வெயிலில் இது எழும். எழுந்தால் கேமராவைப் போட்டது போட்டபடி எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

"என்ன சார், புல்லரிக்குதா?"

"கோமதி, அது லாசர்ப்பா" என்றார் அம்பலவாணன்.

கோமதிநாயகத்துக்கு லாசரைத் தெரியாது. அவர் வந்து சேர்வதற்கு முன்பே லாசர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார்.

*

கிருபாநிதி வீட்டுக்குள்ளும் பல பைகள் வைத்த பாலைவனக் கோட்டுதான் போடுவார். அலுவலகச் சுவரில் அவர் எரித்த நகரங்கள் எல்லாம் பெரிய பெரிய படங்களாகத் தொங்கின. பாபிலோன், கார்த்தேஜ், நினிவே. எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் ஒரே ஒற்றைப் பனைமரம் நின்றது.

"எந்த லாசர்?" என்றார்.

"நம்ம லாசர் சார். புரொடக்‌ஷன் மேனேஜர்."

கிருபாநிதி கோட்டின் ஒரு ஜிப்பைத் திறந்தார், மூடினார். "அம்பலம், ஒத்துமை இருக்கலாம். யோசிச்சுப் பாருங்க. ஒரு சாதாரண புரொடக்‌ஷன் மேனேஜர் தொண்டையில ஒரு மாமன்னனோட வம்சம் ஒளிஞ்சிருந்தா? இதையே தனியா ஒரு எபிசோடா..."

"சார், நினிவேயை நாம எங்க எரிச்சோம்?"

"சாத்தூர்ப் பக்கம் ஒரு மேட்டுல..." என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுப் பனைமரத்தைப் பார்த்தார். அசரீரி கேட்டவர் போல நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

அந்த மத்தியானத்தை அம்பலவாணன் மறந்ததில்லை. நினிவே அரசனாக நடிக்க வந்தவருக்கு வயிற்றுப்போக்கு. "குரல் குடுக்குறவரே உடம்பும் குடுக்கட்டும்" என்று கிருபாநிதி சொல்லிவிட்டார். தெர்மாகோல் கிரீடம், தங்கத்தாள் கவசம், கழுத்திலிருந்து கணுக்கால்வரை சிவப்பு வெல்வெட். மேட்டில் பாதி புதைந்து கிடந்த பழைய செங்கல் சுவரை ஒட்டி ஓலையில் அரண்மனை. மேட்டில் நெருப்புப் பொட்டுகூட வைக்கக் கூடாது என்பது அனுமதியில் முதல் நிபந்தனை. ஒரே ஒரு ஓலைச் சுவரை மட்டும் எரித்துவிட்டு அணைத்துவிடலாம் என்பது கிருபாநிதியின் சமாதானம். சாப்பாட்டுக்குப் பிறகு பிரியாணி மயக்கத்தில் மாமன்னர் சிம்மாசனத்துக்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டார். காற்று திரும்பியது. முழித்தபோது கூரை அவர்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஒருவர் மட்டும் உள்ளே ஓடிவந்தார். அந்த ஒருவருக்கு ஸ்கிரிப்டில் வேடமே கிடையாது. பிறகு அம்பலவாணனுக்கு நினைவிருப்பது புகை, இருமல், தண்ணீர் லாரி பீய்ச்சியதும் சூடான செங்கல் சுவர் சீறிய சத்தம், அந்தச் சீறலுக்கு மேலாக ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டுச் சரிபார்த்த லாசரின் குரல். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விஷயம் வெளியே போகக் கூடாது என்று அன்று சாயங்காலமே எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார்கள். அம்பலவாணன் நன்றி சொன்னபோது லாசர், "சரி சரி, தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு அண்டா எண்ணப் போய்விட்டார்.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் கிருபாநிதி. குரலில் பாலைவனம் இருந்தது. "அந்தக் கரிஞ்ச படலம் போர் இல்ல, நாமதான்னு ஆகும். நம்ம தீயை நாமளே தோண்டி எடுத்து நாமளே வியந்திருக்கோம். சேனலுக்குக் கடைசிச் சான்ஸ் இது. உங்களுக்கும் ஒப்பந்தம் ரெடியா இருக்கு அம்பலம், நான் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

"சொல்லலைன்னா அந்தக் கல்லு என்ன ஆகும்?"

"நம்ம அருங்காட்சியகத்துக்குப் போகும். கண்ணாடிப் பெட்டி, நாலு பக்கமும் லைட்டு. கீழே எழுதுவோம்: பெயர் அறியா மாமன்னன்."

'பெயர் அறியா' என்ற இடத்தில் அம்பலவாணனுக்கு என்னவோ செய்தது. ஆனால் உடனே வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த இறுதி ஆணை. அது என்னவென்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் இப்போது அவர்தான். தெரிந்ததால்தான் அவரும் "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று எழுந்தார்.

*

லாசரின் மனைவி ஸ்டெல்லா விருகம்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தாள். கீழே அவளுடைய தையல் கடை. மிஷினை நிறுத்திவிட்டு, "வாங்கண்ணே, டிவியில கேட்டுட்டே இருக்கேன், நேர்ல வந்து எவ்வளவு நாளாச்சு" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"லாசர் பேசின ரெக்கார்டு ஏதாவது வெச்சிருக்கியாம்மா? ஒத்துப் பார்க்கணும்" என்று சுற்றிவளைத்துக் கேட்டார் அம்பலவாணன்.

அவள் சிரித்தாள். "நல்லா கேட்டீங்க. அவரு வேலை பார்த்த டேப்பு எல்லாம் ஒரு குடோன் நிறைய இருக்கும். அதுல அவரு வாய்ஸ் எங்கயாவது விழுந்திருந்தா எடிட்டர் முதல்ல அதைத்தான் வெட்டுவாரு. 'லாசர் சத்தம் வந்துடுச்சு, எடு'ன்னு. போன்லயும் ஒண்ணும் இல்லண்ணே. அவரு போன் பண்ணுவாரு, நான் பேசுவேன், வெச்சுடுவோம். அதை யாரு பதிவு பண்ணி வெப்பாங்க?"

"மண்செவிக்கு ஏதாவது?"

"அதுக்கும் போனேன். பக்கத்துத் தெருவுல ஒருத்தங்க அவங்க அம்மா வெச்ச மீன்சட்டியைக் குடுத்து அம்மா குரலைக் கேட்டாங்களாம். உப்பு போதலைன்னு திட்டுறாங்களாம், அதைக் கேட்டு வீடே அழுதுச்சாம். நம்ம வீட்டுல மண்சட்டி ஏது? எல்லாம் எவர்சில்வரு. அது தேய்ச்சா பளபளங்குது, ஒண்ணையும் ஞாபகம் வெச்சுக்க மாட்டேங்குது."

அதற்குமேல் சுற்றிவளைக்க அம்பலவாணனால் முடியவில்லை. நினிவே எரிந்ததைச் சொன்னார். யார் உள்ளே ஓடி வந்தது, அந்த மேட்டுச் செங்கல்லில் இப்போது யார் குரல் இருக்கிறது என்பதைச் சொன்னார். ஊரையெல்லாம் அடித்தொண்டையில் அதட்டிய குரல் அப்போது சாதாரண மனிதக் குரலாகத்தான் வந்தது.

ஸ்டெல்லா கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சாத்தூரா? அந்த ஷூட்டிங்கா? கை மயிரெல்லாம் கருகி வந்தாரு. பிரியாணி அடுப்புல பட்டுடுச்சுன்னாரு. அன்னிக்கு நான் அவரோட சண்டை போட்டேண்ணே. கருகினதுக்கு இல்ல. பச்சைக் கட்டம் போட்ட துண்டு ஒண்ணு இருந்துச்சு, ஓரத்துல நானே ஆரஞ்சு நூல்ல பூப் போட்டது, எங்க போனாலும் தோள்ல கிடக்கும். அதைக் காணோம். எங்கயோ தொலைச்சுட்டேன்னாரு. ஒரு துண்டைப் பார்த்துக்கத் தெரியல, நீயெல்லாம் நூறு பேருக்குச் சோறு போடுறியான்னு கேட்டேன்." துணியை மிஷின்மேல் வைத்தாள். "ஒரு வார்த்தை சொல்லல பாருங்க மனுஷன்."

அம்பலவாணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லை நான் ஒருதடவை கேட்கலாமாண்ணே?"

ஒப்பந்தத்தைப் பற்றியும் இறுதி ஆணையைப் பற்றியும் அவர் போட்டுவைத்திருந்த கணக்கெல்லாம் அந்தக் கேள்வியில் கலைந்தது. "ஒருதடவை என்னம்மா" என்றார்.

*

தரமணி ஆய்வுக்கூடத்தின் வாசலில் எப்போதும் போல ஜனங்கள் மடியில் சட்டியும் பானையுமாகக் காத்திருந்தார்கள். மண்செவிப் பிரிவின் தலைவி டாக்டர் பெனசீர், காயல்பட்டினத்துக்காரர். அம்பலவாணன் பேசி முடிக்கும்வரை பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க கேசட்டு வெச்சிருந்த தலைமுறைதானே சார்?" என்றார். "பாட்டு இருந்த கேசட்டுல மறுபடி ரெக்கார்டு பொத்தானை அமுக்கினா என்ன ஆகும்?"

"பழசு அழிஞ்சிடும்."

"மண்ணும் அப்படித்தான். திரும்பச் சூடேறினா முன்னாடி பதிஞ்சது போயிடும். கடைசியா ஆறின நேரத்துச் சத்தம்தான் மிஞ்சும். தண்ணி ஊத்திச் சட்டுனு ஆற வெச்சா இன்னும் நல்லாப் பதியும். அந்த மேட்டுல பிற்காலத்துல தீ பட்டுச்சான்னு நான்தான் உங்க சேனல்கிட்ட முதல்ல கேட்டேன். இல்லவே இல்லன்னாங்க. செங்கல்லோட வயசு சரிதான். தீயோட வயசுதான் தப்பு." பேனாவை மேசையில் வைத்தார். "என் பேரும் அந்த நிகழ்ச்சியில வருது. உங்க பேச்சை நம்பி நான் நிறுத்த முடியாது. ஆதாரம் வேணும்."

"லாசர் குரல் எங்கயும் இல்லம்மா."

"வேண்டாம். அந்தப் பதிவுல ரெண்டாவதா ஒரு குரல் இருக்கு, கேட்டீங்களா? நடுவுல ஒரு முனகல். உங்க பேராசிரியர் அதை 'வீழ்ந்த எதிரி மன்னனின் இறுதி ஓலம்'னு எழுதிக் குடுத்திருக்காரு. கொஞ்சம் முனகுங்க சார்."

"இப்பவா?"

"ஓலமா வேண்டாம். சாதாரணமா, இருமிட்டு முனகினா போதும்."

முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு டேக் அவர் கொடுத்ததில்லை. இருமினார். முனகினார். திரையில் இரண்டு அலைக்கோடுகள் வந்தன. பெனசீர் ஒன்றை நகர்த்தி மற்றதன்மேல் வைத்தார். இரண்டாவது கோடு காணாமல் போய்விட்டது, அவ்வளவு சரியாகப் பொருந்தியது.

பெனசீர் கோட்டை விலக்கி இன்னொரு முறை பொருத்திப் பார்த்தார். பிறகு சிரித்தார். கேலிச் சிரிப்பு அல்ல.

"என் பேரு ரிப்பேர் ஆகத்தான் போகுது. ஆனா ஒண்ணு சொல்லவா சார்? இந்த மெஷின் வந்ததுலேர்ந்து எவ்வளவோ கேட்டிருக்கேன். கேட்டதெல்லாம் நிஜந்தானான்னு சொல்ல ஒரு ஆள்கூட உயிரோட இல்ல. வாசல்ல நிக்கிறாங்களே, அவங்க அம்மா குரல்தானான்னு எனக்கே ராத்திரியில சந்தேகம் வரும். நீங்கதான் முதல் சாட்சி. நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கேன்."

"எனக்கு இல்லம்மா" என்றார் அம்பலவாணன். "அவரு என்னை வெளியே இழுத்துப் போடலைன்னா சாட்சி ஏது?"

"இனிமே அந்தக் கல்லு வெறும் இடிபாடு. அந்த மாதிரிப் பழைய செங்கல் அந்த மேட்டுல ஆயிரம் கிடக்கு. தீ நேத்துத் தீன்னு நான் எழுதிட்டா, அருங்காட்சியகம் வாங்காது. அறக்கட்டளையும் தூக்கிப் போட்டுடும்."

"அப்ப அதை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாமா?"

"யாருக்கு வேணும் அது?"

அம்பலவாணன் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொன்னார். பெனசீர் அறிக்கைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க. இவ்வளவு நாளா மெஷின்கிட்ட 'இது பழந்தமிழ், தேடு'ன்னு சொல்லிட்டிருந்தோம். சாலிகிராமத்துத் தமிழ்னு சொல்லித் தேடவிடுறேன். தேய்ஞ்ச எழுத்தெல்லாம் வந்துடும்."

அம்பலவாணன் வாசல்வரை போய்த் திரும்பினார். "எல்லாமே வருமாம்மா? கடைசி வரைக்கும்?"

"கடைசிவரைக்கும் சார். கவலையே வேண்டாம்" என்றார் பெனசீர், அவருடைய பாசத்தைக் கண்டு நெகிழ்ந்து.

*

மறுநாள் ஸ்டெல்லா ஞாயிற்றுக்கிழமைப் புடவையில் வந்தாள். அழைக்காத கிருபாநிதியும் கோட்டோடு வந்துவிட்டார். "டாக்டர், அறிக்கையில 'தீயின் காலம் விவாதத்துக்குரியது'ன்னு ஒரு வரி போட்டா..." என்று ஆரம்பித்தவரைப் பெனசீர் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரவைத்தார்.

செங்கல் மேசையில் பஞ்சுமேல் இருந்தது. ஒரு பக்கம் கறுத்திருந்தது. ஸ்டெல்லா அதைத் தொடலாமா என்று கண்ணால் கேட்டாள். பெனசீர் தலையசைத்ததும் விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டாள்.

முதலில் தண்ணீர் சீறும் சத்தம். பிறகு குரல் வந்தது. இந்த முறை வார்த்தைகளோடு.

"கேமராக்காரங்கள்ளாம் வந்தாச்சாப்பா?"

தூரத்தில், வந்தாச்சுண்ணே.

"லைட்டு?"

வந்தாச்சு.

"மேக்கப்பு? ... சமையலு? ... அடுப்பை அப்படியே விட்டு வாங்கய்யா, சோறு போனாப் போகுது, ஆளு வா."

நாற்படையும் வந்து சேர்ந்தது. ஸ்டெல்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் பொத்திய கைக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தது தோளில் தெரிந்தது.

பிறகு கூப்பாடு இல்லாமல், பக்கத்தில் நின்றவரிடம்: "டைரக்டர் சார் எங்கப்பா?"

யாரோ, "அவரு அப்பவே கார்ல ஏறிக் கண்ணாடியை ஏத்திட்டாருண்ணே" என்றார்கள்.

"சரி, இருக்காருல்ல, அது போதும்."

கிருபாநிதி கோட்டின் எல்லா ஜிப்புகளையும் ஒவ்வொன்றாக மூடினார். மூடி முடித்ததும் வேறு வழியில்லாமல் நிமிர்ந்தார். "அவரு என்னைக்கும் என்னை விட்டுக் குடுத்ததில்லம்மா" என்றார் ஸ்டெல்லாவிடம். அவர் குரலில் கேள்விக்குறி இல்லாமல் ஒரு வாக்கியம் வந்ததை அம்பலவாணன் அன்றுதான் கேட்டார். "போடுங்க டாக்டர், உங்க இஷ்டப்படி எழுதுங்க. கடைசி நிகழ்ச்சியா இதையே போட்டுடறோம். அவரு பேரைப் போட்டு."

"நானே பேசுறேன் சார்" என்றார் அம்பலவாணன். "எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

பெனசீர் செங்கல்லைப் பஞ்சோடு ஒரு பெட்டியில் வைத்து ஸ்டெல்லாவின் மடியில் வைத்தார். "இது இனிமே உங்களுது. எப்ப வேணும்னாலும் எடுத்துட்டு வாங்க, போட்டுக் காட்டுறேன். தேய்ஞ்சு போகாது. அடுப்புல மட்டும் வெச்சிடாதீங்க."

"சாமிப் படத்துகிட்ட வெப்பேம்மா. அவரே அங்கதான் இருக்காரு." ஸ்டெல்லா அம்பலவாணன் பக்கம் திரும்பினாள். "நீங்க இல்லைன்னா இது எனக்குக் கிடைச்சிருக்குமாண்ணே? இந்த நன்றியை..."

"நீ எனக்கு நன்றி சொல்றதாம்மா?" அம்பலவாணன் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் இன்னிக்கு மூச்சு விடுறதே அவரு போட்ட பிச்சை. ஒரு நாள்கூட மறந்ததில்ல. அவரு நினைவா எது இருந்தாலும் கோயில் மாதிரி வெச்சுக் கும்பிடற மனுஷன் நான்."

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கே" என்றார் பெனசீர். "அந்த இறுதி ஆணை."

"போதும்மா" என்றார் அம்பலவாணன் அவசரமாக. "அதான் முக்கியமானதெல்லாம் வந்துடுச்சே."

"போடுங்க டாக்டர்" என்றாள் ஸ்டெல்லா. "ஒரு எழுத்துகூட விடாமப் போடுங்க."

ஒரு இருமல். ஒரு முனகல். அது அம்பலவாணன். பிறகு மிக அருகில் அந்தக் குரல், இந்த முறை உரக்க இல்லாமல், கொஞ்சம் சிரிப்பை அடக்கிக்கொண்டு:

"எந்திரிங்க சார், ஒண்ணுமில்ல. வெல்வெட்டு பத்திக்கிச்சு, அதான் உரிச்சுப் போட்டேன். ஏய், யாரும் போட்டோ எடுக்காதீங்கப்பா. மகாராஜா ஜட்டியோட நிக்கிறாரு. இந்தாங்க சார், என் துண்டைக் கட்டிக்குங்க. வீட்டுக்காரி பூப் போட்டது. பத்திரமாத் திருப்பிக் குடுத்துடுங்க."

பதிவு அத்துடன் முடிந்தது.

யாரும் அம்பலவாணனைப் பார்க்கவில்லை. கிருபாநிதி கூரையைப் பார்த்தார். பெனசீர் திரையைத் துடைத்தார். ஸ்டெல்லா மட்டும் பெட்டியை அணைத்தபடி மெதுவாகத் திரும்பினாள்.

"அப்ப தொலையலை" என்றாள். "உங்ககிட்டதான் இருக்காண்ணே?"

"இருக்கும்மா. பத்திரமா இருக்கு."

துண்டு கீழே, அவருடைய ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது. அன்று காலையில்கூட அவர் அதில்தான் வண்டியைத் துடைத்தார்.